கறுப்பு வர்ணத்தை ஏன் எடுத்துவிட்டீர்கள்?

"மிஸ், நான் போதிய அளவு சந்தோஷமாக இருக்கவில்லையோ?"

சென்ற மாதம் ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி இது. வயது இருபத்து நான்கு. லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். (யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவளிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன்.) சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடத்தில் நோய் திரும்பிவிட்டது. அந்த ஒன்றரை வருடத்துக்குள் ஒரு மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி, கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, "மனவலிமையால் புற்றுநோயை வென்றவள்" என்று அவளை மேடையேற்றியிருந்தார்கள். படங்கள் முகநூலில் வந்தன. நோய் திரும்பிய செய்தி கசிந்ததும் ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார்: "தங்கச்சி, இடையில் மனதைத் தளரவிட்டுவிட்டாய் போலிருக்கிறது. திரும்பவும் பொசிட்டிவாக இரு."

அதை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். நான் உளவளத்துணையாளர். என்ன கேட்டாலும் முகம் மாறாமல் இருப்பது எங்கள் தொழிலில் பாதி. அன்று முடியவில்லை.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், யாழ்ப்பாணத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் அல்லது அதை முடித்த இளையவர்கள் சிலருடன் உட்காருகிறேன். படம் கீறுவோம், எழுதுவோம், பனையோலையில் ஏதாவது பின்னுவோம், மார்கழி பிறந்தால் பட்டம் கட்டுவோம். கடைசிப் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. உதவிக்குப் பலர் வருகிறார்கள். ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், யோகா கற்பிப்பவர்கள், விடுமுறைக்கு வந்த கனடாக்காரர்கள் என்று எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். அவர்களைத் துரத்த இதை எழுதவில்லை. ஆனால் வாசலில் செருப்போடு சேர்த்து இன்னொன்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். "சந்தோஷமாக இருந்தால் வருத்தம் ஓடிவிடும்" என்ற நம்பிக்கையைத்தான் சொல்கிறேன்.

ஓடாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு ஓர் ஆராய்ச்சியும் காரணம். 1989இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிய பெண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது முடிவு. உலகம் முழுவதும் இதைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதே முறையைச் சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகல் தாமே மறுபடி செய்து பார்த்தார். பங்குபற்றியவர்களை மொத்தமாகப் பார்த்தால் அப்போதும் கூடவில்லை. அதை அவரே வெளியிட்டார். அந்த நேர்மைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். அதே 2007இல், தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் மனநிலையை அளந்து, யார் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்த ஆய்வும் வந்தது. மனம் உற்சாகமாக இருந்தவரும் சோர்ந்திருந்தவரும் ஒரேமாதிரித்தான். மனநிலையை வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் நீ எதற்கு வர்ணமும் தூரிகையும் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று கேட்பீர்கள். நான் மேலே சொன்ன கனடா ஆய்விலேயே அதற்கும் பதில் இருக்கிறது. குழுவில் இருந்த பெண்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது, மனத்துயரம் குறைந்தது, அதிலும் அதிகமாகத் தவித்தவர்களுக்கே அதிகமாகக் குறைந்தது. இசையும் ஓவியமும் பதற்றத்தைத் தணிக்கின்றன என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. மருந்து ஏற்றுவதற்கு முதல்நாள் இரவு நித்திரை கொள்ள முடிவது சின்ன விடயமா? எனக்கு அது போதும். உங்களுக்கும் போதுமாக இருக்கவேண்டும்.

நோயை மனம் வென்றது என்று மேடையில் சொல்கிறவர், நோய் திரும்பினால் மனம் தோற்றது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளை இரவு முழுவதும் விழித்திருந்து, எந்த நாள் அழுதேன், எந்த நாள் அம்மாவோடு சண்டை பிடித்தேன், அதனால்தான் வந்ததா என்று கணக்குப் பார்க்கும். அவள் அப்படித்தான் பார்த்திருந்தாள். திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

இதைவிட மோசமான பிரிவினரும் இருக்கிறார்கள். ஆரோக்கியம் என்ற பெயரில் வந்து, "மருந்து ஏற்றுவதை நிறுத்து, முள்ளு அன்னமுன்னா இலையை அவித்துக் குடி" என்கிறவர்கள். இவர்களோடு எனக்குப் பொறுமையே கிடையாது. சிகிச்சையைக் கைவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு என்று அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. சிகிச்சையோடு சேர்த்துக் குடித்தால் என்ன என்று கேட்காதீர்கள். ஏற்றுகிற மருந்தோடு எது மோதும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள்.

இளையவர்களுக்குத் தனியாக ஏன் ஒரு குழு என்றும் கேட்கிறார்கள். 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைத் தனிப் பிரிவாகவே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பார்க்கிறது. நமது ஊரில் அந்த வயதுக்குள் என்னென்ன அடங்குகின்றன என்று யோசித்துப் பாருங்கள். உயர்தரப் பரீட்சை, பல்கலைக்கழகம், முதல் சம்பளம், விசா, கல்யாணப் பேச்சு, முதல் குழந்தை. இவ்வளவுக்கும் நடுவில் நோய் வந்து குந்துகிறது. குழந்தைகளின் விடுதியில் சுவரில் முயல் படம் இருக்கும். பெரியவர்களின் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் எழுபது வயது ஐயா இருப்பார். இருபத்து மூன்று வயதுப் பையன் எங்கே போவான்? ஒரு தொண்டர் குழு அப்படிப்பட்ட ஒருவனுக்கு யானைப் படம் அச்சிட்ட தாளையும் பன்னிரண்டு நிறப் பென்சிலையும் கொடுத்து, "தம்பி, கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம் தீட்டு, பார்ப்போம்" என்றது. அவன் பொறியியல் பீட மாணவன். அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பாலத்தின் வரைபடத்தைக் கீறிக் கொடுத்தான். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அதுவும் ஒன்று.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை வருவதற்கு முன் இங்கிருந்தவர்களுக்குக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைதான் கதி. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து அதற்கு நிதி சேர்த்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். மருந்து வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் ஊருக்கும் பக்கத்தில் என்று அர்த்தம். மகரகமவில் தலைமயிர் கொட்டினால் யாருக்கும் தெரியாது. இங்கே கிளினிக் வாசலில் நிற்கும்போதே மாமியின் சினேகிதி கண்டுவிடுவார். "இரத்தம் குறைவு, அதுதான் போய்வருகிறாள்" என்று தாய் சொல்லி வைத்திருப்பார், தங்கைக்கும் சேர்த்துக் கல்யாணம் பேசவேண்டியிருக்கிறதே. இந்த நிலையில் நீங்கள் படம் எடுத்து முகநூலில் போடுகிறீர்கள்! முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிளை வைத்தே ஆளை அடையாளம் காண்பார்கள்.

இன்னொன்று. வந்திருக்கும் எல்லோருக்கும் தங்கள் நோயின் பெயர் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். "அவனுக்குச் சொல்லவில்லை மிஸ், கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்" என்று தகப்பன்மார் வாசலில் மறித்துக் காதுக்குள் சொல்வதுண்டு. பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தேயிருக்கும், கூகிள் சொல்லியிருக்கும். தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளையும், பிள்ளைக்குத் தெரியாமல் தகப்பனும் மறைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்ப்பது மருத்துவருடையதும் எங்களுடையதும் வேலை. நீங்கள் முதல் நாளே "புற்றுநோயோடு போராடும் உறவுகளே" என்று ஒலிவாங்கியில் தொடங்கவேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மணித்தியாலம் தயவுசெய்து வெளியே இருங்கள். பிள்ளை உங்களை வெறுப்பதால் கேட்கவில்லை. கை ஒரு வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும். ஓலையைப் பார்த்துக்கொண்டே ஒருவன் கேட்டான், "மிஸ், எனக்கு இனிப் பிள்ளை பிறக்குமோ?" நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டான். (சில மருந்துகள் கருவளத்தைப் பாதிக்கும். மருந்து தொடங்குவதற்கு முன்பே இதைப்பற்றி மருத்துவரிடம் பேசினால், ஆண்களுக்கு விந்தைச் சேமித்து வைப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. நமது ஊரில் வெட்கத்தில் நோயாளியும் கேட்பதில்லை, நேரமில்லாத கிளினிக்கில் மருத்துவரும் தொடங்குவதில்லை. கேளுங்கள். தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.)

கலையை வைத்துக் காயத்தைத் தொடுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. போரின் நடுவே நாடகக் கலைஞர் சிதம்பரநாதன் போன்றவர்கள் அரங்கை அதற்குத்தான் பயன்படுத்தினார்கள். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மூச்சையும் செபத்தையும் அவரவர் சமயத்துக்கேற்ப மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகளாகச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அவர்களிடம் படித்தவர்களிடம் நாங்கள் படித்தோம். எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், ஆளை முந்திக்கொண்டு ஓடாதே என்பது.

இனி, உதவிக்கு வருவதென்று தீர்மானித்துவிட்டீர்கள் என்றால்.

தடிமன், இருமல், வயிற்றோட்டம் இருந்தால் வராதீர்கள். "சும்மா தடிமன்தானே" என்பது உங்களுக்கு. மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில் பலருக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் அவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் காய்ந்தால் உடனே வைத்தியசாலை. பனடோலைப் போட்டுவிட்டு விடியட்டும் பார்ப்போம் என்று இருந்தவர்களை நான் இழந்திருக்கிறேன்.

களிமண் கொண்டுவராதீர்கள், மண்ணில் பூஞ்சணம் இருக்கும். பூங்கொத்தும் அதே காரணத்தால் வேண்டாம். எனமல், தின்னர் மணத்துக்கு ஒருவர் வாந்தியெடுத்தால் அன்றைய வகுப்பு முடிந்தது, சாம்பிராணியும் அப்படித்தான். பட்டம் கட்டும்போது மூங்கிலை நாங்களே முன்கூட்டிச் சீவி வைத்துவிடுகிறோம். இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருப்பவரின் கையில் கத்தியைக் கொடுக்கக்கூடாது. வல்வெட்டித்துறைப் பையன் ஒருவன் இருந்தான், பொங்கலன்று கடற்கரையில் பட்டம் விட்டுப் பரிசு வாங்கியவன். வின்கிறிஸ்டீன் என்ற மருந்தால் விரல்நுனி மரத்து, நூலில் முடிச்சுப் போட வரவில்லை. உதவிக்கு வந்த அக்கா பறித்து, தானே கட்டிக் கொடுத்துவிட்டார். பாசம்தான். ஆனால் அவன் அந்தப் பட்டத்தைக் கொண்டுபோகவில்லை. அடுத்த முறை தடித்த நூல் வாங்கினேன். அரை மணித்தியாலம் எடுத்தான், தானே கட்டினான், பட்டத்தைக் கூவவைக்கும் விண்ணும் தானே பூட்டினான்.

யோகா ஆசிரியர்களே, எலும்பில் நோய் பரவியவரை முறுக்காதீர்கள், வளைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் பிடித்துவிடாதீர்கள், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். மருத்துவரின் அனுமதி வாயால் வந்தால் போதாது, எழுத்தில் கேளுங்கள். அதேநேரம் பிள்ளையைக் கட்டிலிலேயே கிடத்தி வைக்கும் அம்மாமாருக்கும் ஒரு சொல். புற்றுநோய்க் களைப்பு படுத்து எழும்பினால் போகிற களைப்பு அல்ல. வாரத்தில் மூன்று நாள், அரை மணித்தியாலம், சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பது அதைக் குறைக்கும் என்று 2019இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. மருத்துவர் ஆமென்றால் வெயில் தாழ்ந்ததும் ஒழுங்கையில் நடக்க விடுங்கள்.

அழுதால் அழ விடுங்கள். "அழாதே, நீ வீரன்" என்று முதுகில் தட்டாதீர்கள். சாகவேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் பகிடியாக எடுக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். இரவென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

அந்தப் பிள்ளை மூன்று சனிக்கிழமைகள் வரவில்லை. வெட்கம் என்றாள், வென்றேன் என்று சொல்லிவிட்டுத் தோற்றுப்போய் எப்படி வருவது என்றாள். நான்காவது சனிக்கிழமை வந்தாள். இரண்டாம் முறை மருந்து தொடங்கி முடி மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது. பெட்டியைத் திறந்து தேடினாள். "மிஸ், கறுப்பு எங்கே?"

நன்கொடையாக வந்த பெட்டி அது. மஞ்சள் இருந்தது, பச்சை இருந்தது, நான்கு வகை நீலம் இருந்தது. கறுப்பு இருந்த குழி மட்டும் வெறுமையாக இருந்தது. தந்தவரைத் தொலைபேசியில் கேட்டேன். "வருத்தக்காரப் பிள்ளைகளுக்குக் கறுப்பு வேண்டாமென்று நாங்கள்தான் எடுத்துவிட்டோம் மிஸ்" என்றார், மிகவும் அன்பாக.

பக்கத்துக் கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்து கொடுத்தேன். தாள் முழுவதும் பூசினாள். கை வலிக்கும்வரை பூசினாள். ஈரம் காய்ந்ததும் தூரிகையின் பின்முனையால் சுரண்டிச் சுரண்டி ஏதோ கீறினாள். என்னவென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் குரல்பதிவை எனக்குப் போட்டுக் காட்டிய நாளுக்குப் பிறகு அந்தக் கொப்பியில் திகதி எதுவும் எழுதவில்லை என்று மட்டும் போகும்போது சொன்னாள்.

அடுத்த கூட்டத்துக்குக் கறுப்பு இல்லை, போத்தல் அன்றோடு முடிந்துவிட்டது. வாங்கித்தர விரும்புகிறவர்கள் இரண்டு போத்தல் கொண்டுவாருங்கள். கமரா வேண்டாம்.