ஆறாவது ஆல்பத்துக்கு அவசரத் தீர்ப்பு வேண்டாம்

இசை விமர்சனங்களைத் திருத்தி வெளியிடுவது என் வேலை. நள்ளிரவில் ஒரு இண்டி ராக் குழுவின் ஆல்பம் வெளியாகிறது. விடிவதற்குள் விமர்சனம் என் மேசைக்கு வந்துவிடுகிறது. பழைய வேகம் இல்லையாம், குழுவுக்கு வயதாகிவிட்டதாம், ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தானாம். இந்த வாரமும் அப்படியொன்று. நான்காவது பாடலில் டிரம்ஸ் எங்கே உள்ளே வருகிறது என்று எழுதியவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே ஒரே தடவை கேட்டிருக்கிறார். இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

“முந்தைய ஆல்பம் போல இல்லை” என்பது ஒரு குறை என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அது வெறும் தகவல். அந்தத் தகவலுக்குப் பிறகுதான் விமர்சகரின் வேலையே தொடங்குகிறது.

சிகாகோவின் வில்கோ குழுவைப் பாருங்கள். 2002இல் வந்த ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்துக்கு, அமெரிக்க இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது. அதன் இரைச்சலையும் சிதறலையும் ரசிகர்கள் குழுவின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2007இல் ஆறாவது ஆல்பமான ‘ஸ்கை புளூ ஸ்கை’ வந்தபோது அந்த இரைச்சல் இல்லை. ஆறு பேர் தங்கள் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த, தெளிவான, நிதானமான இசை. அதே பிட்ச்ஃபோர்க் 5.2 போட்டு, நடுவயதினருக்கான சலிப்பான இசை என்ற பொருளில் ‘அப்பாக்களின் ராக்’ என்ற முத்திரையையும் குத்தியது. பாடல்கள் கார் விளம்பரங்களில் ஒலித்ததும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். 2021 அக்டோபரில் பிட்ச்ஃபோர்க் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியபோது, அந்த 5.2 என்பது 8.5 ஆனது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

அமைதியாக வாசித்தால் களைத்துவிட்டார்கள் என்று பொருளா? அந்த ஆல்பத்தின் ‘இம்பாசிபிள் ஜெர்மனி’யைக் கேளுங்கள். ஏறக்குறைய ஆறு நிமிடப் பாடல். பாதியிலேயே குழுவின் பாடகர் ஜெஃப் ட்வீடி பாடி முடித்துவிடுகிறார். பிறகு நெல்ஸ் கிளைனின் கிதார் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்குகிறது. அது சூடேறிக்கொண்டே போகும்போது, மற்ற இரண்டு கிதார்கள் ஒரு சிறு மெட்டை இணைந்து பிடித்து அதன் அடியில் நிற்கின்றன. இரண்டாவது நிமிடத்தில் அடுத்த பாடலுக்குத் தாவியவர் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். இன்று வில்கோவின் மேடைகளில் கூட்டம் காத்திருந்து கேட்கும் பகுதி இதுதான்.

ரசிகர்களின் ஏமாற்றத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பிரிட்டனின் ஆர்க்டிக் மங்கீஸ் குழு 2013இல் தந்த, கிதார் அதிர்ந்த ‘ஏஎம்’ ஆல்பத்தோடு வளர்ந்தவர்களுக்கு, 2018இல் அதே குழு பியானோவை மையமாக வைத்து, நிலவில் ஒரு விடுதியைக் கற்பனை செய்து பாடியது அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அதுவும் ஆறாவது ஆல்பம்தான். முன்னோட்டமாக ஒரு பாடல்கூட வரவில்லை. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆனாலும் பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு அங்கே தரப்படும் மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. ரசிகருக்குக் கோபப்பட உரிமை உண்டு. விமர்சகர் அந்தக் கோபத்தையே கடன் வாங்கி எழுதக் கூடாது.

பிற்கால ஆல்பங்களெல்லாம் பொக்கிஷம் என்றும் நான் சொல்லவில்லை. சோர்ந்துபோனவை நிறையவே உண்டு. சோர்வு என்று தாராளமாக எழுதுங்கள், எந்தப் பாடலில், எந்த இடத்தில் என்று காட்டி எழுதுங்கள்.

முதல் தடவை கேட்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். அடித்தளமான பேஸ் கிதார் அதில் பாதிக்கு மேல் காதில் விழாது. பாடல்களை வரிசை மாற்றாமல் கேளுங்கள். நீங்கள் எழுதி முடித்த பிறகே மற்றவர்களின் மதிப்பெண்ணைப் பாருங்கள். வாசகர்களே, நீங்களும் தயவுசெய்து அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஆல்பத்தை ஒதுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். எனக்கு எழுதுபவர்களுக்கு ஒன்று: முந்தைய ஆல்பத்தின் பெயர் முதல் பத்தியில் மூன்று முறை வந்தால், அடுத்த பத்தியைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.