திருப்பூர் பனியனுக்கு ஜெர்மனியில் ஒரு கிடங்கு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

திருப்பூரில் பெரும்பாலான பனியன் கம்பெனிகளுக்கு வியாபாரம் தூத்துக்குடியோடு முடிந்துவிடும். எஃப்.ஓ.பி. ஒப்பந்தம் என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரைதான் நம் பொறுப்பு. அதற்குப் பிறகு கொழும்பில் பெரிய கப்பலுக்காகக் காத்துக் கிடக்கிறதா, ஹாம்பர்க்கில் இறங்கி எத்தனை நாள் ஆகிறது, எந்தக் கடை அலமாரிக்குப் போகிறது என்பதெல்லாம் வாங்கியவர் பாடு.

சொந்தப் பெயரில் பிராண்டு போட்டு, ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இணையத்தில் நேரடியாக விற்க ஆரம்பித்தால் இது அப்படியே தலைகீழாகிவிடும். தூத்துக்குடிக்கு அப்புறம் உள்ள முழுப் பாதையும் நம் தலையில். அங்கே நமக்குக் கிடங்கு கிடையாது, ஆள் கிடையாது, மொழியும் தெரியாது. அதற்காகத்தான் த்ரீ பி.எல். என்று எல்லோரும் சொல்லும் மூன்றாம் தரப்பு நிறுவனம். கன்டெய்னரை இறக்கி, எண்ணி, அடுக்கி வைத்து, ஆர்டர் வந்ததும் ஒரு பீஸை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கூரியரிடம் கொடுக்கும். வேண்டாம் என்று திரும்பி வந்ததையும் வாங்கி வைக்கும்.

இப்படி ஒரு கூட்டாளியைத் தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது ரேட் கார்டு. ஒரு பேலட்டுக்கு, அதாவது பெட்டிகளை அடுக்கி வைக்கும் மரத்தட்டு ஒன்றுக்கு, மாதம் எவ்வளவு, ஒரு பீஸ் எடுத்துக் கொடுக்க எவ்வளவு, பொட்டலத்துக்கு எவ்வளவு. மூன்று நிறுவனங்களிடம் வாங்கி எக்செல்லில் போட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் எத்தனை நாளில் சரக்கு விற்பனைக்குத் தயாராகும் என்றும் கேட்பார்கள். இரண்டுமே தேவையான கேள்விதான். ஆனால் பணத்தை அதிகம் தின்னும் விஷயம் இந்த இரண்டிலும் இல்லை. சொன்ன நாளுக்கும் நடந்த நாளுக்கும் இடையே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டி-ஷர்ட் தினமும் சராசரியாக 40 விற்கிறது. ஒருநாள் 28, ஒருநாள் 52 என்று ஏறி இறங்கும். சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் திட்டவிலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரில் பெட்டி கட்டியதிலிருந்து ஜெர்மனியில் அலமாரிக்குப் போகும் வரை ஆகும் காலத்தில், இரண்டு கூட்டாளிகள் இரண்டு விதமாக இருக்கிறார்கள். முதலாமவரிடம் சராசரி 45 நாள், திட்டவிலக்கம் 3 நாள். இரண்டாமவரிடம் சராசரி 38 நாள்தான், ஆனால் திட்டவிலக்கம் 10 நாள். சில தடவை நான்கு வாரத்தில் முடிந்துவிடும், சில தடவை ஏழு வாரம் இழுக்கும்.

புதுச் சரக்கு வந்து சேர்வதற்குள் பழைய சரக்கு தீர்ந்துபோகாமல் இருக்க, கையில் கூடுதலாக வைத்திருக்க வேண்டியதைப் பாதுகாப்பு இருப்பு என்பார்கள். அதற்கு இரண்டு ஆட்டங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும்: விற்பனையின் ஆட்டம், காலத்தின் ஆட்டம். அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதலாமவருக்கு விற்பனைப் பங்கு, 45 நாள் × 12-இன் வர்க்கமான 144 = 6,480. காலத்தின் பங்கு, 40 பீஸ் × 3 நாள் = 120, அதன் வர்க்கம் 14,400. கூட்டினால் 20,880, வர்க்கமூலம் சுமார் 144. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரக்கு தீராமல் இருக்க வேண்டுமென்றால் இதை 1.65-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 238 பீஸ்.

இரண்டாமவருக்கு விற்பனைப் பங்கு 38 × 144 = 5,472. காலத்தின் பங்கு 400-இன் வர்க்கம், 1,60,000! கூட்டி வர்க்கமூலம் எடுத்து 1.65-ஆல் பெருக்கினால் 671 பீஸ். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சரி, ஏழு நாள் சீக்கிரம் வருவதால் வழியில் கிடக்கும் சரக்கு குறையுமே என்று கேட்கலாம். குறையும்தான்: நாளுக்கு 40 வீதம் 45 நாளுக்கு 1,800 பீஸ், 38 நாளுக்கு 1,520. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மெதுவான, நிச்சயமான கூட்டாளியிடம் 2,038 பீஸ். வேகமான, ஆட்டமுள்ள கூட்டாளியிடம் 2,191 பீஸ். ஏழு நாள் வேகம் இருந்தும் முதலீடு கூடுகிறது. இது ஒரு நிறம், ஒரு சைஸுக்கான கணக்கு. ஐந்து நிறம், ஐந்து சைஸ் என்றால் 25 தடவை இதே கதைதான்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் கடலிலிருந்து வருகிறது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும், பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. இதற்கு எந்தக் கிடங்குக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சரக்கு கிடங்கு வாசலுக்கு வந்த பிறகு வரும் ஆட்டம் பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது.

கிடங்கு எவ்வளவு நெருக்கடியில் ஓடுகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. வரிசைக் கோட்பாடு என்று கணிதத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரே ஒரு கவுண்டர், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் மாறுகிறது என்ற மிக எளிய மாதிரியில், கவுண்டர் பாதி நேரம் வேலையில் இருந்தால் அங்கே சராசரியாக நிற்பவர் ஒருவர். 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் நான்கு பேர். 90 என்றால் ஒன்பது பேர். 95 என்றால் பத்தொன்பது. 80-லிருந்து 95-க்குப் போகும்போது வேலை கூடுவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வரிசை மட்டும் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிறது. ரேஷன் கடையில் பொங்கலுக்கு முந்தின வாரம் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரக்கு இறக்கும் வாசலும் இப்படி ஒரு கவுண்டர்தான். அதனால் கூட்டாளியிடம் கேட்க வேண்டியது "எத்தனை நாளில் அடுக்குவீர்கள்" என்பதை அல்ல. போன வருடம் அக்டோபர், நவம்பரில் வந்த கன்டெய்னர் ஒவ்வொன்றும் வாசலுக்கு வந்த தேதி, விற்பனைக்குத் தயாரான தேதி, இந்த இரண்டு பத்தியையும் வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பிளாக் ஃபிரைடே, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காக அங்கே கிடங்குகள் பிதுங்கும் மாதங்கள் அவை. சராசரியை மட்டும் தருகிறவரிடம் கவனமாக இருங்கள். மலிவான வாடகைக்கு ஒரு காரணம், இடுக்கில்லாமல் அடைத்து வைத்திருப்பதாகவும் இருக்கலாம்.

அடுத்தது பெட்டி. நண்பர் ஒருவருடைய கம்பெனியின் முதல் கிடங்கு பில் வந்தபோது வாடகை மட்டும் பேசியதைப் போல இரண்டு மடங்கு. ஏமாற்றுகிறார்கள் என்றே அவர் நினைத்தார். பேக்கிங் செக்‌ஷனில் காலிப் பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டு டேப் வைத்து அளந்தோம். நீளம் 62 சென்டிமீட்டர், அகலம் 45. வருடக்கணக்காக அவர்கள் பயன்படுத்தும் அளவு அது.

ஐரோப்பாவில் கிடங்குகள் ஓடுவது யூரோ பேலட்டின் மேல். அதன் அளவு 120 × 80 சென்டிமீட்டர். 60 × 40 பெட்டி என்றால் ஓர் அடுக்கில் நான்கு, விளிம்பு தட்டாமல் கச்சிதமாக உட்காரும். 62 × 45 பெட்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டுதான். மூன்றாவது வெளியே நீட்டிக்கொள்ளும். நீட்டிக்கொண்டிருக்கும் பேலட்டைத் தானியங்கி ரேக் ஏற்காது. ஐந்து அடுக்கு என்றால் ஒரு பேலட்டில் இருபது பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் பத்து. வாடகை பேலட் கணக்கில் என்பதால் 200 பெட்டிக்கு 10 பேலட் வாடகை போய் 20 பேலட் வாடகை. பாதி வாடகை காற்றுக்குக் கட்டியதுதான். கன்டெய்னரில் பெட்டிகளைப் பேலட் இல்லாமல் கையால் அடுக்கி ஏற்றுவதால் இங்கே யாருக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை.

60 × 40 என்று ஆர்டர் கொடுத்தாலும் போதாது. துணியை அழுத்தி நிரப்பினால் பெட்டிக்கு வயிறு உப்பும். இரண்டு சென்டிமீட்டர் சாதாரணமாகப் போய்விடும். 58 × 38 என்று வாங்குவது நல்லது. ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே "உங்கள் பெட்டி அளவென்ன?" என்று கேட்கிற கூட்டாளி கிடைத்தால் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருக்கு நம் வியாபாரத்தின் மேல் அக்கறை இருக்கிறது.

சட்ட விஷயத்தில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் கம்பெனி தன் பெயரில் அங்கே இறக்குமதி செய்ய, உள்ளூர் மறைமுகப் பிரதிநிதி ஒருவர் வழியாகத்தான் சுங்க ஆவணம் தாக்கல் செய்ய முடியும். வரி பாக்கி வந்தால் அவரும் சேர்ந்து பொறுப்பு. அதனாலேயே பல கிடங்குக்காரர்கள் இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இறக்குமதியாளர் யார் என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். அதைப் பேசாமல் சரக்கை அனுப்பினால் அது துறைமுகத்தில் நிற்க, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு, ஜெர்மனியின் பேக்கேஜிங் சட்டப்படி லூசிட் என்ற பதிவேட்டில் விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். 2022 ஜூலை 1 முதல், இந்தக் கடமையை முடிக்காதவரின் சரக்கைக் கிடங்கு பொட்டலம் கட்டி அனுப்பக் கூடாது. மூன்று, 2024 டிசம்பர் 13 முதல் நடப்பில் உள்ள பொருள் பாதுகாப்பு விதிப்படி, ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் பொருளிலோ பொட்டலத்திலோ இருக்க வேண்டும். அந்தப் பெயர் யாருடையது என்று லேபிள் அச்சடிக்கும் முன்பே முடிவாக வேண்டும்.

ஜெர்மனியில் விற்கக் கிடங்கும் ஜெர்மனியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமேசான் 2014-லேயே போலந்தில் பெரிய கிடங்குகளைத் திறந்தது. போலந்து மக்களுக்கான அதன் இணையக் கடை திறந்ததோ 2021-இல்தான். இடைப்பட்ட வருடங்களில் அங்கிருந்து போன பொட்டலங்களில் பெரும்பகுதி ஜெர்மனிக்கு. சுங்க எல்லை கிடையாது, கூலி குறைவு, பெர்லின் கூப்பிடு தூரம். சிறிய கம்பெனி ஒரே கிடங்கில் எல்லாச் சரக்கையும் வைத்துக்கொள்வதற்கும் கணக்கில் காரணம் உண்டு. நான்கு நாட்டில் நான்கு கிடங்கு வைத்தால், ஒவ்வொரு நாட்டு விற்பனையும் தனித்தனியாக ஆடும். ஒரே இடத்தில் சேர்த்தால் ஒரு நாட்டின் ஏற்றத்தை இன்னொரு நாட்டின் இறக்கம் சரிக்கட்டும். விற்பனை ஆட்டம் ஒரே அளவாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால், நான்கை ஒன்றாக்கும்போது அந்த ஆட்டத்துக்கான பாதுகாப்பு இருப்பு பாதியாகிறது. இங்கேயும் வர்க்கமூலம்தான் வேலை செய்கிறது.

திரும்பி வரும் சரக்கை நம்மவர்கள் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது அது. ஐரோப்பியச் சட்டப்படி இணையத்தில் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். ஜெர்மனியில் எம் ஒன்று, எல் ஒன்று வாங்கி, போட்டுப் பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்புவது சர்வசாதாரணம். தினமும் 40 போய் அதில் 20 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்து, கறை பார்த்து, மடித்து, புதுக் கவர் போட்டு மறுபடி விற்பனைக்கு வைக்கக் கிடங்குக்கு 15 நாள் ஆனால், எந்த நேரத்திலும் 20 × 15 = 300 பீஸ் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும். நான்கு நாளில் முடித்தால் 80. முதல் கூட்டாளியிடம் மொத்தப் பாதுகாப்பு இருப்பே 238 பீஸ்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரக்கு தொலைந்தால்? ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்துக்கான சி.எம்.ஆர். உடன்படிக்கையில் இழப்பீட்டு வரம்பு கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். கிடங்கு ஒப்பந்தங்களிலும் இதே எண்ணை அடிக்கடி பார்க்கலாம். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. யூரோவைவிடச் சற்று மதிப்பு கூடியது. 180 கிராம் டி-ஷர்ட்டுக்கு 1.5 எஸ்.டி.ஆர்., அதாவது இரண்டு யூரோவுக்கும் குறைவு. அங்கே அதை நீங்கள் 25 யூரோவுக்கு விற்பவராக இருக்கலாம். எடைக்கு நஷ்டஈடு கொடுப்பது இரும்புக் கம்பி அனுப்புகிறவருக்குப் பொருந்தும், துணிக்குப் பொருந்தாது. தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் பிடிமான உரிமை பற்றிய பத்தியையும் படியுங்கள்: பில் பாக்கி இருந்தால் சரக்கைத் தராமல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பில்லில் தகராறு வந்தால் என்ன நடைமுறை, விலகினால் எத்தனை நாளில் சரக்கைக் கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் முழுக் கன்டெய்னரை முதலில் அனுப்பாதீர்கள். இருபது பெட்டி போதும். அதில் ஒரு பெட்டியில் எம் சைஸ் 24, எல் சைஸ் 24 என்று பட்டியலில் எழுதிவிட்டு, உள்ளே எம் 25, எல் 23 வையுங்கள். மொத்த எண்ணிக்கை மாறாது. பீஸ் பீஸாக பார்கோடை ஸ்கேன் செய்து வரவு வைக்கும் கிடங்கு என்றால் இரண்டு நாளில் மின்னஞ்சல் வரும், படத்தோடு. பெட்டி மேல் ஒட்டிய தாளைப் பார்த்து வரவு வைக்கும் கிடங்கு என்றால், மூன்று வாரம் கழித்து எல் சைஸ் கேட்ட ஒருவருக்கு எம் சைஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.