எல்லா யூனிட்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாமா?

திருப்பூரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நடுத்தர பனியன் கம்பெனி எதை எடுத்துக்கொண்டாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கட்டிங் ஒரு தெருவில், ஸ்டிச்சிங் இரண்டு மூன்று இடங்களில், செக்கிங்கும் பேக்கிங்கும் வேறொரு வாடகைக் கட்டடத்தில். ஆர்டர் கூடக்கூடக் கிடைத்த இடத்தைப் பிடித்து வளர்ந்த கம்பெனிகள் இவை. ஒரு கட்டத்தில் முதலாளிக்கு அலுத்துப்போகிறது. ஊருக்கு வெளியே நான்கைந்து ஏக்கர் வாங்கி எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றுகிறது. செலவுக் கணக்குப் பார்க்கும் ஆலோசகனான என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. வரும்போதே பாதி முடிவு எடுத்திருப்பார்கள், பேங்கில் லோனும் பேசியிருப்பார்கள்.

அவர்கள் கொண்டுவரும் கணக்கில் தப்பில்லை. நான்கு வாடகை, நான்கு வாட்ச்மேன், நான்கு ஜெனரேட்டர், நாள் முழுக்க ஓடும் டெம்போ எல்லாம் மிச்சமாகும். இதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று உண்டு, அது பலருடைய தாளில் இருப்பதே இல்லை. கட்டிங்கிலிருந்து பண்டல் கிளம்புகிறது, கூடவே போகும் டெலிவரி சலானில் (டி.சி.) 1,200 பீஸ் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிச்சிங் யூனிட்டில் எண்ணினால் 1,188. கழுத்துக்கு வந்த ரிப் துணியும் பாடித் துணியோடு நிறத்தில் சேரவில்லை. கட்டிங் மாஸ்டருக்குப் போன் போடுகிறார்கள், அவர் சரியாகத்தான் அனுப்பினேன் என்கிறார். மாற்றுத் துணி வெட்டி, டெம்போ கிடைத்து, வந்து சேர்வதற்குள் மதியம் தாண்டிவிடுகிறது. அதுவரை அந்தத் தையல் லைன் சும்மா நிற்கும், சம்பளம் நிற்காது. கட்டிங்கும் ஸ்டிச்சிங்கும் பக்கத்தில் இருந்தால் சூப்பர்வைசர் பீஸைக் கையில் எடுத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

அதனால் துணி குடோன், கட்டிங், செக்கிங், அயனிங், பேக்கிங் ஆகியவற்றை ஒன்றுசேர்க்கலாமா என்றால் தயங்காமல் சேருங்கள் என்றுதான் சொல்வேன். பர்ச்சேஸ், மெர்ச்சன்டைசிங், அக்கவுண்ட்ஸ் மூன்றும் அப்படியே.

ஸ்டிச்சிங்கில்தான் நான் நிறுத்திக் கேட்பது. உங்கள் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் தைக்கும் டெய்லர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? இதற்கு உடனே பதில் சொல்லும் முதலாளி குறைவு. மெஷின் எத்தனை, எந்த கம்பெனி மெஷின், என்ன விலை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் உட்காருகிறவர் எந்த ஏரியாவிலிருந்து, எப்படி வருகிறார் என்பது ஹெச்.ஆர். ரிஜிஸ்டரில்கூட இருக்காது. பழைய முகவரியோடு ஆதார் நகல் மட்டும் இருக்கும்.

டெய்லர்களில் பெரும்பாலோர் பெண்கள். யூனிட் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது என்பதற்காகவே உங்களிடம் இருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டரைக்கு மெஷினில் உட்காருகிறார்கள். யூனிட் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஏழேகாலுக்கே வேன் ஏற வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகும். அதே தெருவில் இன்னொரு கம்பெனியின் கேட்டில் ‘டெய்லர்கள் தேவை’ போர்டு தொங்குகிறது. அவர்கள் சண்டை போட மாட்டார்கள், நோட்டீஸ் கொடுக்க மாட்டார்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போவார்கள், திரும்ப வர மாட்டார்கள். புதிய கட்டடத்தில் மெஷின் வரிசையாக இருக்கும், லைன் பாதி காலியாகக் கிடக்கும். புது ஆள் எடுத்துப் பழக்கி, பழைய உற்பத்திக்கு வருவதற்குள் ஒரு ஷிப்மென்ட் தேதி தவறினாலும் போதும். கப்பலில் போக வேண்டிய சரக்கை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார் ஆர்டர் கொடுத்த பையர். பல மாத வாடகை மிச்சம் அந்த ஒரு பில்லில் கரைந்துவிடும்.

இந்த ஊரின் பெரிய ஏற்றுமதியாளர்கள் சிலர் நேர் எதிராகத்தான் செய்திருக்கிறார்கள். தையலை மட்டும் பிரித்து, திண்டுக்கல் பக்கத்துக்கும் தென் மாவட்டங்களுக்கும் கொண்டுபோய் யூனிட் போட்டிருக்கிறார்கள். ஆள் இருக்கும் ஊருக்கு மெஷினை அனுப்புகிறார்கள். துணியும் திட்டமும் திருப்பூரிலேயே இருக்கின்றன.

உள்நாட்டு விற்பனை செய்கிறவர்களின் குடோன் விஷயம் வேறு. 2017 ஜூலை 1-க்கு முன்னால் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்ததற்குப் பெரிய காரணம் வெளிமாநில விற்பனைக்கு விழுந்த மத்திய விற்பனை வரி. விற்பனை இல்லை, கிளை மாற்றம்தான் என்று காட்டும் எஃப் ஃபாரத்தில் சரக்கைக் கிளைக்கு மாற்றி அங்கிருந்து விற்றால் அந்த வரி விழாது. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. இப்போது வெளிமாநிலத்தில் உள்ள உங்கள் சொந்தக் கிளைக்கு அனுப்பினாலே ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) உண்டு. விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளக் கிரெடிட் கிடைக்கும், ஆனால் சரக்கு விற்கும்வரை அந்தப் பணம் முடங்கும். பழக்கத்துக்காக மட்டும் ஓடுகிற குடோன்களை மூடுவதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அடுத்தது, அந்த ஒரு இடம் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி. ஜப்பானில் 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஐசின் கம்பெனியின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் ஆலையில்தான் தயாரானது. டொயோட்டாவிடம் கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருந்தது. ஜப்பானிலிருந்த அதன் கார் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. மற்ற சப்ளையர்கள் ஓடிவந்து கிடைத்த மெஷினில் எல்லாம் வால்வு செய்து கொடுத்ததால் சில நாளில் மீண்டார்கள். உங்கள் ஆர்டரை அப்படி எடுத்துச் செய்துகொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப் பட்டறைகள் மூடப்பட்டபோது, வேறு ஊர்ப் பட்டறைகளோடு முன்பே தொடர்பு வைத்திருந்தவர்கள் துணியை அங்கே அனுப்பிச் சமாளித்தார்கள். மற்றவர்கள் அப்போதுதான் ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்த தண்ணீரில் சிறு தொழிற்கூடங்களின் மெஷின்கள் மூழ்கின. எனவே எல்லாம் ஒரே வளாகத்துக்குப் போனாலும் பேட்டர்ன் ஃபைல், ஆர்டர் விவரம், கணக்கு ஆகியவற்றின் நகல் வேறு ஊரில் இருக்கட்டும். தையலில் ஒரு பங்காவது வெளியே கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க்கில் ஓடட்டும். அந்த ஜாப் ஒர்க்காரரோடு உறவை விடாதீர்கள், நாளைக்கு அவர்தான் லைன் கொடுப்பார்.

இன்சூரன்ஸ் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே ஆரம்பிப்பேன். பாலிசியில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனித் தொகை போட்டிருப்பார்கள். சரக்கு முழுவதும் ஒரே குடோனுக்கு வந்த பிறகும் பழைய பாலிசியே ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இருப்பது 4 கோடி ரூபாய்ச் சரக்கு, பாலிசியில் இருப்பது 2 கோடி என்று வையுங்கள். தீயில் 1 கோடி ரூபாய்ச் சரக்கு போனால் 1 கோடி வராது. குறைத்துக் காப்பீடு செய்த விகிதத்தில் கழித்து 50 லட்சம்தான் வரும். இன்னொன்று: ஒரே இடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடிக்குள் இருந்தால் ஒரு பாலிசி, அதைத் தாண்டி 50 கோடி வரை வேறு பாலிசி என்று 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறை. சின்னச் சின்ன யூனிட்டுகளைச் சேர்க்கும்போது இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். இந்த இரண்டு பாலிசிகளிலும் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பாதிக்குப் பாதி குறைவென்றால் அது உதவாது.

கரண்ட்டும் அப்படித்தான். நான்கு எல்.டி. (குறைந்த மின்னழுத்த) கனெக்‌ஷனாக இருந்தது ஒரே இடத்தில் சேரும்போது எச்.டி. என்ற உயர் மின்னழுத்தத்துக்குப் போக வேண்டி வரலாம். சொந்த டிரான்ஸ்பார்மர் வேண்டும், கட்டணக் கணக்கும் மாறும். ஜி.எஸ்.டி. பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் போட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சேர்ப்பதுதான் சரி என்று முடிவானால், ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப்போகாதீர்கள். வாடகை ஒப்பந்தம் முதலில் முடிகிற யூனிட்டிலிருந்து ஒரு லைனை மட்டும் புது இடத்தில் ஓட்டுங்கள். வேன் விடுங்கள், பிள்ளைகள் காப்பகம் முதல் நாளே திறந்திருக்கட்டும். இரண்டு மாதம் அட்டெண்டன்ஸையும் ஒவ்வொரு டெய்லரின் பீஸ் கணக்கையும் பழைய இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் ஐந்தில் ஒருவர் நின்றுவிட்டால், தையலை ஊருக்குள்ளேயே விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றுங்கள்.