தபால் வாக்கு: கவரைப் பிரிக்காமலே செல்லாமல் போகும் ஓட்டுகள்

வாக்கு எண்ணும் நாளில் முதலில் எடுப்பது தபால் வாக்குகளைத்தான். ஒவ்வொரு தேர்தலிலும் அந்த மேசையில் ஒரு கட்டு தனியே சேர்ந்துவிடுகிறது. யாருக்குப் போட்ட ஓட்டு என்று ஒருவரும் பார்க்காமல், உள் கவரைப் பிரிக்காமலே நிராகரித்தவை அவை. அவற்றில் பல, தேர்தல் பணியில் இருந்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் காவலர்களும் போட்டவை. ஊருக்கெல்லாம் ஓட்டுப் போட வழி செய்துகொடுத்தவர்களின் ஓட்டு இப்படி வீணாவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

தபாலில் ஓட்டுப் போட உங்களுக்குத் தருவது வாக்குச்சீட்டு, 13ஏ உறுதிமொழிப் படிவம், 13பி சின்னக் கவர், 13சி பெரிய கவர், கூடவே 13டி என்ற அறிவுரைத் தாள். அந்த 13டி-யைப் பலர் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து படியுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

திரும்பத் திரும்ப நடக்கும் தவறு, 13ஏ-வைச் சின்னக் கவருக்குள் வாக்குச்சீட்டோடு சேர்த்து வைத்து ஒட்டிவிடுவது. “அதில் என் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதே, வெளியே வைத்தால் ரகசியம் போய்விடுமே” என்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. எண்ணும்போது முதலில் பிரிப்பது பெரிய கவரை. அதற்குள் தனியாக 13ஏ இருக்கிறதா, உங்கள் கையெழுத்தும், அது உங்களுடையதுதான் என்று அதிகாரி போடும் சான்றொப்பமும் இருக்கின்றனவா, அதில் எழுதிய வாக்குச்சீட்டு வரிசை எண்ணும் சின்னக் கவரின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் சின்னக் கவரைத் தொடமாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தால், 13ஏ படிவங்களை மொத்தமாகத் தனி உறையில் போட்டு முத்திரை வைத்த பிறகுதான் சின்னக் கவர்களைப் பிரிக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் பெயர் ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம். ரகசியத்தைக் காப்பதே இந்தப் பிரிவினைதான். 13ஏ-வைச் சின்னக் கவருக்குள் நுழைத்தால் அதைத் தேடி யாரும் கவரைப் பிரிக்கமாட்டார்கள், பிரிக்கவும் கூடாது. ஆகவே சின்னக் கவருக்குள் வாக்குச்சீட்டு மட்டும். ஒட்டிய சின்னக் கவரும் 13ஏ-வும் தனித்தனியாகப் பெரிய கவருக்குள்.

அடுத்தது சான்றொப்பம். தேர்தல் பணியாளர் என்றால் கெஜட்டட் அதிகாரியோ, பணியாற்றும் சாவடியின் தலைமை அலுவலரோ போடலாம். பக்கத்து மேசை நண்பர் போட்டால் செல்லாது. 13ஏ-வில் நீங்கள் அந்த அதிகாரியின் கண்முன்னே கையெழுத்திட வேண்டும். அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடையாள அட்டையைக் காட்டுங்கள். பத்துப் பேர் படிவத்தை ஒருவர் அள்ளிக்கொண்டு போய் வாங்கிவரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிகாரியின் பெயரும் பதவியும் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். அவர் பார்க்க வேண்டியது 13ஏ-வை மட்டுமே. வாக்குச்சீட்டில் குறியிடுவதை அவரிடம் காட்டாதீர்கள்.

இது வெறும் சம்பிரதாயம் என்பவர்கள் திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் தொகுதியை நினைத்துப் பார்க்கட்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்டது செல்லாது என்று ஒதுக்கிய தபால் வாக்குகள் 203. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அவற்றையும் எண்ணச் சொன்னது. எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. யாருடைய சான்றொப்பம் செல்லும் என்ற ஒரே கேள்வி மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

2023-இல் விதியைத் திருத்திய பிறகு, தேர்தல் பணியாளர்கள் வாக்குச்சீட்டை வாங்குவது, குறியிடுவது, திருப்பித் தருவது எல்லாமே அதற்கென்று அமைக்கும் வசதி மையத்தில்தான். சான்றொப்பமிட அதிகாரியும் அங்கேயே இருப்பார். ஆனால் கூட்ட நெரிசலில் வரிசை எண் எழுதாமல் கவரைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் மையம் என்ன செய்யும்?

வாக்குச்சீட்டில் பேனாவால் ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி போதும். பக்கத்தில் கையெழுத்தோ இனிஷியலோ போட்டால் அடையாளம் தெரிந்துவிடும், ஓட்டு செல்லாது.

கை நடுக்கம், பார்வைக் குறைவு என்றால் வீட்டில் வேறொருவர் உங்கள் கையெழுத்தைப் போடக் கூடாது. சான்றொப்பமிடும் தகுதியுள்ள அதிகாரியிடமே வாக்குச்சீட்டையும் 13ஏ-வையும் எடுத்துப் போனால் அவரே உங்கள் சார்பில் குறியிட்டுக் கையெழுத்தும் போட விதியில் இடமிருக்கிறது.

85 வயதைக் கடந்தவர்களுக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் தபால் வாக்குக் கேட்டு விண்ணப்பிக்க 12டி படிவம். தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஏற்றுக்கொண்டால் வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே ‘பிபி’ (போஸ்டல் பேலட், அதாவது தபால் வாக்கு) என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் இருப்பவர்கள் இன்னமும் அஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்கு முன் கவர் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் அஞ்சலில் சேர்த்தீர்கள் என்பது கணக்கில் வராது. வாக்குச்சீட்டு கிடைத்த அன்றே அனுப்பிவிடுங்கள்.