சாம்பல் குளத்துக் கரையில் மரம் ஏன் கூடாது?

"அனல் மின் நிலையத்துச் சாம்பல் குளக்கரையில் தானாக முளைத்த வேப்பங்கன்றைக்கூட வெட்டிவிடுகிறார்களே, பச்சை என்றாலே இவர்களுக்கு ஆகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் கரையில் ஆகாதுதான். காரணம் கரைக்குள்ளே இருக்கிறது.

நம் நாட்டு நிலக்கரியை 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கலந்து குழாயில் குளத்துக்குத் தள்ளுவார்கள். சாம்பல் படியும், தெளிந்த நீர் வெளியேறும். குளம் நிரம்பினால் கரையை உயர்த்துவார்கள். பல இடங்களில் புதுக் கரை உட்காருவது பழைய சாம்பலின் மேலேயேதான்.

மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். அதனால் கசிகிறதா என்பதைவிட, என்ன கசிகிறது என்பதே சோதனைக்கு வருபவருக்கு முக்கியம். கசிவைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும். தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக்கொண்டு நகரலாம். கலங்கலாக இருந்தால் கரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிவிட்டது என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓட்டை குளத்துப் பக்கம் தொடங்கி வெளியே வரும் என்று நினைப்போம். நடப்பது நேர் எதிர். கசிவு வெளியேறும் வாயில் முதலில் ஒரு மண் மணி பெயர்ந்து போகும். தண்ணீர் மண்ணுக்குள் ஊர்ந்து வர வேண்டிய தூரம் அந்த ஒரு மணி அளவுக்குக் குறையும். தூரம் குறைந்தால் வேகம் கூடும், அடுத்த மணி இன்னும் சுலபமாகப் பெயரும். இப்படியே ஓட்டை குளத்தைத் தேடிப் பின்னோக்கி நடந்து போகும். அது குளத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் கரை தாங்குவது கடினம். செத்த மரத்தின் வேர் மட்கினால் மிஞ்சும் குழல், இந்தப் பயணத்தில் பாதி தூரத்தை இலவசமாகக் கொடுத்துவிடும். ஏரிக்கரையில் எலி வளையைக் கண்டால் நம் ஊர் விவசாயி பதறுவதும் இதனால்தான்.

கலங்கல் கசிவைக் கண்டதும் களிமண்ணை அப்பி அடைக்கக் கை பரபரக்கும். அடைக்கக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். முதலில் மணல், அதன்மேல் ஜல்லி போட வேண்டும். காபி ஃபில்டர் மாதிரி: டிகாக்‌ஷன் இறங்கும், தூள் தங்கும்.

கண்ணுக்குத் தெரியாத நீரைப் பார்க்க பியசோமீட்டர் இருக்கிறது. அடியில் துளையிட்ட குழாய்தான். அதற்குள் மின் அளவு நாடாவை இறக்கினால் தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். கரைக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு கரையில் ஆயுத பூஜைக்கு இந்தக் குழாய்க்குச் சந்தனம் பூசியிருந்தார்கள். அளவுப் பதிவேட்டைப் புரட்டினால் பல மாதங்கள் வெறுமை. சந்தனம் வைத்த கை மூடியையும் திறந்திருக்கலாம்.

அமெரிக்காவின் டென்னசியில் கிங்ஸ்டன் அனல் மின் நிலையத்தின் கரை 2008 டிசம்பர் 22 நள்ளிரவு தாண்டி உடைந்தது. சுமார் 41 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு 300 ஏக்கரை மூடியது. அதே குளத்தில் 2003லும் 2006லும் கசிவு கண்டு சரிசெய்திருந்தார்கள். உடைந்ததற்குக் காரணமாக விசாரணை காட்டியதோ ஆழத்தில் இருந்த மெல்லிய சாம்பல் சேற்று அடுக்கை. கடற்கரை ஈரமணலைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தால் திடீரென்று கூழாகுமே, அந்தக் கதைதான். மேலே பாரம் ஏற ஏற, தளர்வாகக் கிடந்த மணிகள் நெருங்கப் பார்த்தன. நடுவில் சிக்கிய நீர் வெளியேற முடியாமல் பாரத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது. மணிகளுக்கிடையே பிடிப்பு போனது, திடமாக இருந்தது ஓடியது. இந்த அடுக்கை வெளியிலிருந்து எந்தக் கண்ணும் பார்த்திருக்காது. துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

அந்த விபத்துக்குப் பின் அமெரிக்கா 2015இல் விதி கொண்டுவந்தது: வாரம் ஒருமுறை கரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும், மாதம் ஒருமுறை கருவிகளில் அளவெடுக்க வேண்டும், ஆண்டுக்கொருமுறை தகுதிபெற்ற பொறியாளர் சோதிக்க வேண்டும்.

சரி, வேப்பங்கன்றுக்கு வருவோம். கரைக்குப் புல் போதும். மழையில் மண் அரிக்காமல் பிடித்துக்கொள்ளும். அதையும் ஒட்ட வெட்டி வைப்பார்கள். சுற்றிலும் காய்ந்த புல்லுக்கு நடுவே ஓரிடம் மட்டும் கோடையில் பச்சையாக இருந்தால், பாட்டிலோடு முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.