பாவசங்கீர்த்தனம் முடிந்த பிறகும் ஆறாத மனம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் மீன்பிடித் தடைக்காலமும் எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட அடுத்தடுத்து வரும். சிலுவைப்பாதை, ஒருசந்தி எல்லாம் முடிகிற சமயத்தில், ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ராத்திரி பகலாகத் தொழில் பார்த்தவர் வீட்டில் சும்மா உட்காருகிறார். வேலை மும்முரத்தில் அமுங்கிக் கிடந்ததெல்லாம் மேலே வருகிறது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கமிருந்து ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போது அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "சாமி மன்னிச்சிருப்பாரு சார். என்னால என்னய மன்னிக்க முடியல."

ஊரில் இதைக் கேட்டு "எம்புட்டுத் தாழ்ச்சி பாரு" என்று மெச்சுவார்கள். மனநல ஆலோசகனாகச் சொல்கிறேன், மெச்சாதீர்கள். பல நேரம் அது நோவு.

விசைப்படகு டிரைவர் ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இரவில் மடி வலையை வாங்கும்போது மச்சான் (தங்கை புருஷன்) தவறிக் கடலில் விழுந்துவிட்டார். வீல் பிடித்திருந்தது இவர். உடல் மறுநாள்தான் கிடைத்தது. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார், அதாவது பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். பிறகு அதையே பாம்பனில் சொன்னார், அப்புறம் ஓரியூரில். ஒரே சாமியாரிடம் போனால் "அதான் ஏற்கெனவே சொல்லிட்டியே" என்பாராம். பூசைக்கு வருவார், நற்கருணை அப்பம் வாங்க மட்டும் எழும்பமாட்டார். தங்கை வீட்டு வாசப்படியை மிதிப்பதே இல்லை.

"கடவுளே மன்னிச்சதை நீ மறுக்கிறியே, அவரைவிடப் பெரிய ஆளா?" என்று இவரை மடக்கிவிடலாம். ஜெபக்கூட்டங்களில் மடக்குகிறார்கள். கர்வம் என்று இன்னொரு பாவத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான்.

நான் அந்த ராத்திரியைப் பற்றித்தான் கேட்டேன். "அண்ணே, அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரியும்? காத்து எப்படி? அவரு எங்க நின்னாரு?" பேசப் பேச இரண்டு விஷயம் தனித்தனியாகப் பிரிந்தது. படகைத் திருப்பியது எந்த டிரைவரும் செய்வதுதான். மச்சான் கயிற்றுப் பக்கம் குனிந்தது இருட்டில் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் லைஃப் ஜாக்கெட்டுகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. போடச் சொல்லி அவர் யாரையும் வற்புறுத்தியதில்லை. அது அவர் பங்கு. "உங்க மேல தப்பே இல்லண்ணே" என்று நான் பூசி மெழுகவில்லை. மெழுகினாலும் நம்பியிருக்கமாட்டார். எல்லாமே என்னால்தான் என்று சுமக்கிறவருக்கு எதற்காக மன்னிப்புக் கேட்பது என்பதே தெரியாது. தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் அவரால் தங்கையிடம் போக முடிந்தது. ஜாக்கெட் விஷயத்தை மட்டும் சொன்னார். தங்கை திட்டினார், அழுதார், பிறகு சோறு போட்டார். இப்போது ஜாக்கெட் போடாதவனைப் படகில் ஏற்றமாட்டேன் என்கிறார். அதற்கு ஓனரோடு சண்டை வேறு.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடர் பேதுருவின் கதையைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கதையைத்தான் நாம் சரியாகப் படிப்பதில்லை என்று தோன்றும். அவரும் மனம் நொந்தார், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனார், "பாவம் செய்தேன்" என்று ஆலயத்துப் பெரியவர்களிடமே சொன்னார். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அதற்குப் பிறகுதான் நான்றுகொண்டார். பேதுருவோ கூட்டாளிகளோடு சேர்ந்தே இருந்தார், கடலுக்குப் போனார். கரையில் கரிநெருப்பில் மீன் வைத்துக் காத்திருந்த இயேசு "ஏன் மறுதலித்தாய்" என்று கேட்கவே இல்லை. அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, கையில் ஒரு வேலையைக் கொடுத்தார்.

இன்னொரு வகை உண்டு. பெரிய தவறு எதுவும் நடந்திருக்காது. சொன்ன பாவத்தைச் சரியாகச் சொன்னோமா, ஜெபத்தின் நடுவே கெட்ட எண்ணம் வந்ததே என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். ஓரியூருக்கு நேர்த்திக்கடனாகப் போகிறவர்களுக்கு, 1693இல் அங்கே கொல்லப்பட்ட அருளானந்தரைத் தெரியும். அவர் சேர்ந்திருந்த இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாருக்கே இந்தத் தொல்லை இருந்தது. 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார். உயிரை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. "மிகத் தெளிவாகத் தெரிகிற பழைய பாவம் இருந்தால் மட்டும் சொல்" என்றார் அவருடைய குரு. எல்லாமே தெளிவாகத்தான் தெரிகிறது என்று இவர் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார்! இனிமேல் பழையதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுதலை. இன்று இப்படி வருகிறவர்களில் பலருக்கு இருப்பது எண்ணச் சுழற்சி நோய். ஓசிடி என்பார்கள். மாத்திரையும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தால் நன்றாகக் குறையும்.

பெண்களிடம் இது வேறு உருவத்தில் வரும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா, மகள் படிப்புச் செலவுக்காகச் சுகர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். "கடைசி நாள்ல மனுசங்க தற்பிரியரா இருப்பாங்கன்னு பைபிள்ல இருக்குல்ல சார்?" இருக்கிறது, 2 தீமோத்தேயு 3:2. தன்னைத் தவிர வேறு எதையும் பாராதவர்களைப் பற்றிய வசனம் அது. பிறரை நேசிக்க அளவு சொல்லும்போது இயேசு "உன்னைப்போல்" என்றுதானே சொன்னார்?

"பக்கத்து வீட்டக்கா மாத்திரையில்லாம கெடந்தா விடுவீங்களா?"

"வாங்கிக் குடுப்பேன்ல."

"அப்ப உங்களுக்கு?"

சிரித்தார். வாங்கினாரா என்பது அடுத்த முறை வரும்போதுதான் தெரியும்.

மனநலப் பிரிவு என்றாலே எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு மனநோயாளிகளைக் கட்டிவைத்த ஏர்வாடிச் சங்கிலிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்டில் அங்கே நடந்த தீ விபத்தில் 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள். அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனால் இன்று ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் ஓபி சீட்டுப் போட்டு, டாக்டரோடு பேசிவிட்டு, மாத்திரையோடு அன்றே வீடு திரும்பலாம். சாமியாரோ பாஸ்டரோ இதற்குத் தடை சொல்லத் தேவையில்லை. ஒரே பாவத்தோடு ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால், "தூங்குறியா, சாப்பிடுறியா, சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோணுது என்றால் அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104ஐயோ அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.