ஸ்போர்ட்ஸ் காரின் எக்ஸோஸை மாற்றலாமா? விதிமுறை விளக்கம்

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட் பக்கம் கோலாலம்பூர்ப் பிள்ளைகள் ஊர் திரும்புவது முதலில் காதுக்குத்தான் தெரியும். ராத்திரி 2 மணிக்குத் தோட்டத்து ரோட்டில் ஒரு கார் நுழைந்தால் லயத்து நாய்கள் அத்தனையும் எழுந்துவிடும். மறுநாள் காலையில் அந்தக் காரில் வந்த பையன் வந்து, "மாமா, எக்ஸோஸ் மாத்தினா சமான் போடுவாங்களா?" என்று கேட்பான்.

போடுவார்கள். எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொடர்தான் எக்ஸோஸ்; சமான் என்றால் அபராத நோட்டீஸ். மலேசியாவில் வண்டியின் கட்டமைப்பு, பயன்பாடு பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் நடப்பில் இருக்கின்றன. எஞ்சின் சத்தத்தை அடக்க சைலன்சர் இருக்க வேண்டும். சத்தம் கூடும்படி அதை மாற்றக்கூடாது. மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. போலீஸும் பிடிக்கலாம், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயும் பிடிக்கலாம். இது போக, சுற்றுச்சூழல் இலாகாவின் கையில் 1987-ஆம் ஆண்டு வாகன இரைச்சல் விதிகளும் 1996-ஆம் ஆண்டு பெட்ரோல் எஞ்சின் புகை விதிகளும் உள்ளன. ஆக, சத்தத்துக்கு ஒரு கணக்கு, புகைக்கு வேறு கணக்கு.

"கடையில பகிரங்கமா விக்கிறாங்களே" என்பார்கள். ரேஸ் தடத்துக்கென்று செய்த குழாயையும் கடையில் விற்கலாம். அதை மாட்டிக்கொண்டு ரோட்டில் போவதுதான் குற்றம். குழாயில் 'இ' முத்திரை இருந்தால், ஐ.நா. வாகனத் தரப்படி குறிப்பிட்ட மாடலுக்கென்று சோதித்துச் செய்தது என்று பொருள். முத்திரை இல்லாததைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் சமானிலிருந்து காப்பாற்றும் தாயத்து இல்லை.

சரி, எஞ்சினுக்கு என்ன ஆகும்? எந்த இடத்தில் கை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குழாயின் பின்முனையிலிருந்து முன்னால் எஞ்சின் பக்கம் போகப் போக ஆபத்து கூடும்.

கடைசி முனைக் குழாய் வெறும் அலங்காரம். அதற்கு முன்னாலுள்ள மஃப்ளரை, அதாவது சைலன்சரை, மாற்றினால் எஞ்சினுக்குப் பெரிய கேடு இல்லை, ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் 'ங்ங்' என்று ஒரு முழக்கம் தலையைத் துளைக்கும். கம்பெனிக்காரர்கள் இதற்காக எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதற்கு 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் நல்ல உதாரணம். அதன் பின்னாலுள்ள மூன்று குழாய்களில் நடுவில் இருப்பது அழகுக்கு இல்லை. சில வேகங்களில் அது புகையை வெளியே விடாமல் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, அந்த முழக்கத்தை அடக்குகிறது. அதைக் கழற்றிவிட்டு ஒற்றைக் குழாய் மாட்டுவது எனக்குப் புரியாத ரசனை.

அடுத்தது, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இதைக் கழற்றினால் புகை விதியை நேராக மீறுகிறீர்கள். இதற்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜன் சென்சர்கள் உண்டு. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று பின் சென்சர் கண்டுபிடித்ததும் எஞ்சின் விளக்கு எரியும். சில வர்க்‌ஷாப்பில் சென்சரைக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தி விளக்கை அணைத்துத் தருவார்கள். அதன் பிறகு அந்தப் பகுதியில் நிஜமாகவே கோளாறு வந்தாலும் கார் சொல்லாமல் போகலாம்.

டர்போவை (புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) ஒட்டிய குழாயான டௌன்பைப்பை மாற்றுவதுதான் ஆக மோசம். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. புகை தடையில்லாமல் ஓடும்போது டர்போ அழுத்தம் கம்பெனி கணக்கைத் தாண்டலாம். காரின் கணினி அதை உணர்ந்து சக்தியைக் குறைத்தால் தப்பித்தீர்கள். ரீமேப் செய்து, அதாவது அந்தக் கணினியின் நிரலை மாற்றி, அந்தக் காவலையும் எடுத்துவிட்டால் டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் ஆயுள் குறையும். 'பட் பட்' என்று வெடிக்கும் டியூனிங் இன்னொரு வினை: பெட்ரோலைக் குழாய்க்குள்ளேயே எரியவிட்டுத்தான் அந்தச் சத்தம் வருகிறது. அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரின் உள்கூடு உருகி அடைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் ரோட்டுக்கு இன்னும் சில கவலைகள் உண்டு. பொங்கோலில் (வேகத்தடையில்) தாழ்வான குழாய் இடித்து வெல்டிங் விட்டால், புகை கசிந்து கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குழாயின் சூட்டைத் தடுக்கும் வெப்பத்தகட்டைக் கழற்றிய காரைச் செம்பனை மரத்தடியில் காய்ந்த புல்மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கலாம்.

மாற்றியே தீருவேன் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் கிளைம் நேரத்தில் தகராறு வரும். மாற்றிய பாகத்தால் வந்த பழுதுக்கு வாரண்டியும் கிடைக்காது. அப்புறம், கழற்றிய பழைய எக்ஸோஸை வர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஜேபிஜே பழையபடி மாற்றி வரச் சொன்னாலும், காரை விற்க நினைத்தாலும் அதையே மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். புதிதாக வாங்கப் போனால் கன்வெர்ட்டர் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.